ஒரு ஸ்பீடு டோம் நாலு கேமராவுக்குச் சமமா?

மே 5 – வாசகர் கேள்வி

எங்கள் கிடங்கு வளாகம் ஏறத்தாழ 120 மீட்டருக்கு 80 மீட்டர். நாலு மூலைக்கும் நாலு ஃபிக்ஸட் கேமரா போடுவதாக இருந்தோம். பொருத்த வந்தவர், நடுவில் ஒரு கம்பம் நட்டு ஒரே ஒரு ஸ்பீடு டோம் (மோட்டாரில் தானே திரும்பி ஜூம் செய்கிற கேமரா) மாட்டினால் போதும் என்கிறார். 360 டிகிரியும் சுற்றுமாம், 25 மடங்கு ஜூமாம், இரவில் 150 மீட்டர் வரை தெரியுமாம், ஆளைக் கண்டால் தானே பின்தொடருமாம். நாலுக்கு ஒன்று போதும் என்றால் நல்லதுதானே? அனுபவப்பட்டவர்கள் சொல்லவும்.

மே 6, காலை 7.15

போதாது.

விரிவாக எழுத இப்போது நேரமில்லை. பொருத்த வந்தவரிடம் இன்று ஒன்றே ஒன்று கேட்டு வையுங்கள்: டோம் தெற்கே பார்த்துக்கொண்டிருக்கும்போது வடக்கு மதிலை யார் பார்ப்பது?

மே 6, இரவு 10.05

சரி, உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஆறு வருடமாகக் கவனித்துக்கொள்வது ஒரு லாரி யார்டு. இன்றைக்கு அங்கே பதினொரு கேமரா இருக்கிறது, பின்னால் வாங்கிய இரண்டாவது ஸ்பீடு டோமும் அதில் சேர்த்தி. தொடங்கியபோது இருந்தது ஒன்றுதான், நடுக்கம்பத்தில் ஒரு ஸ்பீடு டோம். உங்களிடம் சொன்ன அதே வசனத்தைத்தான் எங்களிடமும் சொன்னார்கள். வார்த்தைகூட மாறவில்லை.

அதில் எட்டு பிரீசெட் வைத்து டூர் ஓடவிட்டிருந்தோம். இந்தத் திசை, இந்தச் சாய்வு, இந்த ஜூம் என்று முன்பே மனப்பாடம் செய்து கொடுத்த இடம்தான் பிரீசெட். ஒவ்வோர் இடத்திலும் 15 வினாடி நிற்கும், அடுத்த இடத்துக்குத் திரும்பி நிலைக்க 2 வினாடி ஆகும். ஒரு சுற்றுக்கு 136 வினாடி. ஆக, ஒவ்வோர் இடத்தையும் 15 வினாடி பார்த்துவிட்டு 121 வினாடி பார்க்காமல் இருக்கிறது. சாதாரணமாக நடக்கிற ஆள் வினாடிக்கு 1.4 மீட்டர் போவார் என்று வைத்தால், அந்த 121 வினாடியில் கிட்டத்தட்ட 170 மீட்டர். உங்கள் வளாகத்தின் நீளமே 120தான்.

ஒரு நாள் காலை ஒரு லாரியில் பேட்டரி இல்லை. பதிவை ஓட்டிப் பார்த்தோம். இரவு 2.11 மணிச் சுற்றில் பேட்டரிப் பெட்டியின் மூடி சாத்தியிருக்கிறது, அதன் பூட்டு வெளிச்சத்தில் மின்னுகிறது. 2.13 சுற்றில் மூடி ஒரு பக்கமாகத் தொங்குகிறது, கீழே ஒரு துண்டு வயர் கிடக்கிறது. அவ்வளவுதான். ஆளும் இல்லை, ஆளின் நிழலும் இல்லை. அருமையான தெளிவில், உயர்ந்த ரெசல்யூஷனில், ஒன்றுமே இல்லை.

மே 7, காலை 6.50

ஒருவர் கேட்டிருக்கிறார்: "வினாடிக்கு 300 டிகிரி வேகம் என்று போட்டிருக்கிறதே. நிற்கிற நேரத்தை 15 வினாடியிலிருந்து 3 ஆகக் குறைத்தால் இடைவெளி சுருங்கிவிடாதா?"

கணக்குப்படி சுருங்கும். ஒரு சுற்று 40 வினாடிக்கு வந்துவிடும். பேட்டரி போனபிறகு நானும் அதைத்தான் செய்தேன், அதுவும் ஆத்திரத்தில் செய்தது. என்ன ஆயிற்று என்று சொல்கிறேன்.

முதலில், அந்த 300 டிகிரி என்பது பிரீசெட்டிலிருந்து பிரீசெட்டுக்குத் தாவுகிற வேகம். கையால் ஓட்டும்போது அவ்வளவு வராது, வரவும் கூடாது. டோம் சட்டென்று நின்றதும் படமும் சட்டென்று நின்றுவிடுவதில்லை. ஆட்டோஃபோகஸ் ஒரு தடவை முன்னும் பின்னும் போய்த் தேடும். அதே சமயம் காட்சி முழுவதும் மாறிவிட்டதால், குறைந்த பிட்ரேட்டுக்குள் (வினாடிக்கு இவ்வளவு தரவு என்ற அளவு) அதைத் திணிக்க முடியாமல் படம் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். எச்.264 ஆனாலும் எச்.265 ஆனாலும் (இரண்டும் வீடியோவைச் சுருக்கும் முறைகள்), முந்தைய ஃபிரேமிலிருந்து எது மாறியது என்பதை மட்டும் எழுதித்தான் இடத்தை மிச்சம் பிடிக்கின்றன. எல்லாமே மாறினால் மிச்சம் பிடிக்க ஒன்றும் இல்லை. 3 வினாடியில் ஒன்றரை வினாடி இப்படியே போய்விடும். நேற்று நான் எழுதிய 15 வினாடியிலும் உருப்படியாகத் தெரிந்தது 13தான், அதையும் திருத்திக்கொள்கிறேன்.

அப்புறம் தேய்மானம். 40 வினாடிக்கு ஒரு சுற்று என்றால் ஒரு நாளைக்கு 2,160 சுற்று. எட்டு நிறுத்தம் வீதம் 17,280 தடவை மோட்டார் கிளம்பி நிற்கிறது. எட்டு மாதத்தில் எங்கள் கேட் பிரீசெட்டில் பாதி கேட்டும் பாதி வானமும் தெரிய ஆரம்பித்தது. சின்னச் சின்னப் படியாக நகர்கிற ஸ்டெப்பர் மோட்டார் அங்கங்கே ஒரு படியைத் தவறவிட்டாலும் கேமரா தான் சரியான இடத்தில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அரை டிகிரி விலகினால் 100 மீட்டரில் 87 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். ரீஸ்டார்ட் செய்தால் அது ஒரு முழுச் சுற்று சுற்றித் தன் பூஜ்யத்தைத் தேடிக்கொள்ளும், பிறகு சில நாள் சரியாக இருக்கும். எங்கே நிற்கிறோம் என்று தானே அளந்து திருத்திக்கொள்கிற என்கோடர் உள்ள மாடல்களும் உண்டு. விவரப் பட்டியலில் வேகத்தைத் தேடுவதைவிட அதைத் தேடுங்கள்.

மே 7, மதியம்

"திருடன் கேமரா சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்திருப்பான்" என்று ஒருவர் சிரித்திருக்கிறார். சிரிக்காதீர்கள், அதுதான் நடந்தது.

பழைய டோம்களுக்குப் புகை நிறக் கூடு போட்டது இதற்காகத்தான். உள்ளே லென்ஸ் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று வெளியே நிற்பவனுக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கூடு வெளிச்சத்தைத் தின்னும். இரவுக்கென்று ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கை உள்ளேயே வைத்தால், கூட்டின் உட்புறத்தில் பட்டுத் திரும்பி லென்ஸையே குருடாக்கும். அதனால் இப்போது வருகிற ஐஆர் ஸ்பீடு டோம் பலவற்றில் கூடே இல்லை. பேரில் மட்டும் டோம் இருக்கிறது. லென்ஸுக்கு ஒரு தட்டைக் கண்ணாடி, இரு பக்கமும் விளக்கு, மொத்தத் தலையும் வெளியே நின்று திரும்புகிறது. எங்கே பார்க்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போதாததற்கு 850 நானோமீட்டர் ஐஆர் விளக்கு இருட்டில் மங்கலான சிவப்பாகத் தெரியும். 940 என்றால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அந்த அலைநீளத்தில் சென்சார் மந்தம், தூரம் நன்றாகக் குறைந்துவிடும்.

மே 8, இரவு

இன்று ஜூமைப் பற்றி மட்டும். கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

25 மடங்கு என்பது எவ்வளவு தூரம் பார்க்கும் என்பதற்கான எண்ணே இல்லை. லென்ஸின் மிகப் பெரிய ஃபோகல் நீளத்தை (குவியத் தூரம், இது கூடினால் காட்சி நெருங்கும்) மிகச் சிறியதால் வகுத்தால் வருவது, அவ்வளவுதான். பரவலாகக் கிடைக்கிற 25 மடங்கு லென்ஸ் 4.8 மில்லிமீட்டரிலிருந்து 120 மில்லிமீட்டர் வரை. சென்சாரின் அகலம் ஏறத்தாழ 5.4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தைச் சென்சார் அகலத்தால் பெருக்கி ஃபோகல் நீளத்தால் வகுத்தால், அந்தத் தூரத்தில் எவ்வளவு அகலம் படத்தில் அடங்கும் என்று வந்துவிடும். 100 மீட்டரில், ஜூம் இல்லாமல் 112 மீட்டர் அகலம். முழு ஜூமில் 4.5 மீட்டர்.

படத்தின் குறுக்கே 1,920 பிக்சல் இருந்தால், முதலாவதில் மீட்டருக்கு 17 பிக்சல், இரண்டாவதில் 427. ஐஇசி 62676-4 என்ற தரநிலை 2014இல் இதற்கு ஓர் அளவுகோல் கொடுத்தது: ஏதோ இருக்கிறது என்று தெரிய மீட்டருக்கு 25 பிக்சல், என்ன செய்கிறார் என்று கவனிக்க 62.5, தெரிந்த ஆளா என்று சொல்ல 125, முன்பின் தெரியாதவரை அடையாளம் காட்ட 250. ஆக, ஜூம் இல்லாமல் 100 மீட்டரில் நிற்கும் ஆள் படத்தில் "இருக்கிறார்" என்றுகூடச் சொல்ல முடியாது. முழு ஜூமில் 170 மீட்டர் வரை அடையாளம் காட்டலாம். ஆனால் அப்போது 4 முதல் 8 மீட்டர் அகலத்துக்கு வெளியே உலகமே கிடையாது. ஒரு சாவித்துவாரம் வழியாக யார்டைப் பார்க்கிறீர்கள்.

பெட்டியில் 400 மடங்கு என்று போட்டிருந்தால், 25 மடங்கு ஆப்டிக்கலை 16 மடங்கு டிஜிட்டலால் பெருக்கியிருக்கிறார்கள். அந்த 16ஐ வீட்டில் மானிட்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்தும் பெறலாம்.

மே 9, காலை

நேற்றைய கணக்கைப் படுக்கையில் போட்டுப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. கேள்வி கேட்டவரின் வளாகம் 120க்கு 80. நடுக்கம்பத்திலிருந்து மூலைக்கு 72 மீட்டர்தான். 72 மீட்டரில் மீட்டருக்கு 250 பிக்சல் கிடைக்க 51 மில்லிமீட்டர் ஃபோகல் நீளம் போதும். அது 11 மடங்கு ஜூம். மீதி 14 மடங்கு மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்தவர் வளாகத்தைப் பார்க்கத்தான் உதவும், அதுவும் தேவையில்லாத வம்பு.

25 மடங்கு வாங்கினால் தப்பில்லை. ஆனால் அதற்காகவே கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், அதை வயருக்கும் விளக்குக்கும் செலவழியுங்கள்.

மே 9, இரவு

வேறொருவர்: "எங்கள் டோம் பகலில் நன்றாக ஓடுகிறது. இரவில் மட்டும் அடிக்கடி ரீஸ்டார்ட் ஆகிறது. என்ன காரணம்?"

தண்ணீர் புகுந்திருக்கும். மூடியைத் திறந்து கேஸ்கெட் நசுங்கியிருக்கிறதா, உள்ளே ஆவி படிந்திருக்கிறதா பாருங்கள். இரவில் குளிர்ந்ததும் ஈரம் போர்டில் இறங்கும். ஐபி66 என்பது எல்லாத் திசையிலிருந்தும் பீய்ச்சியடிக்கிற தண்ணீரைத் தாங்கும் என்பதுதான். திருகை ஒழுங்காக முறுக்காதவரையும் அது தாங்காது.

மே 10

முதலில் கேள்வி கேட்டவர் இரவு நேரத்தைப் பற்றி மறுபடி எழுதியிருக்கிறார், 150 மீட்டர் உண்மையா என்று.

வெளிச்சம் 150 மீட்டர் போகும் என்பது உண்மை. அங்கே நிற்பவரின் முகம் தெரியும் என்பது வேறு சங்கதி. தூரம் இரு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். அதோடு, லென்ஸும் சதி செய்கிறது. லென்ஸ் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை எஃப் எண் சொல்லும், எண் கூடினால் திறப்பு சிறியது. ஜூம் இல்லாதபோது எஃப்1.6 இருக்கும், முழு ஜூமில் எஃப்4.4 ஆகிவிடும். கேட்கச் சின்ன வித்தியாசம்போல இருக்கிறது, சென்சாருக்கு வருகிற வெளிச்சம் ஏழரை மடங்கு குறைந்துவிட்டது. இவ்வளவு வெளிச்சம் இருந்தாலே படம் வரும் என்று பட்டியலில் 0.005 லக்ஸ் எனப் பெருமையாகப் போடுகிறார்களே, அது பெரும்பாலும் ஜூம் இல்லாத நிலையில், ஷட்டரை மெதுவாக வைத்து, கெயினை (சென்சார் சிக்னலைப் பெருக்குவது) ஏற்றி எடுத்த எண். ஷட்டர் மெதுவானால் நடக்கிற ஆள் புகையாக இழுபடுவார். ஓடுகிற வண்டியின் நம்பர் பிளேட் வேண்டும் என்றால் 1/500 அல்லது அதற்கும் வேகமான ஷட்டர் வேண்டும், அதற்கு வெளிச்சம் வேண்டும், நாம் மறுபடியும் தொடங்கின இடத்துக்கே வந்துவிட்டோம்.

நாங்கள் கடைசியில் செய்தது ரொம்பச் சாதாரணம். தூரத்து மூலையில் ஒரு எல்இடி விளக்கு போட்டோம். இரவில் கறுப்பு வெள்ளையில் ஓடிய கேமரா வண்ணத்துக்கே வந்துவிட்டது, நீலச் சட்டை நீலமாகத் தெரிந்தது.

சிலந்தியை மறந்துவிட்டேன். ஐஆர் விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். லென்ஸுக்கு இரண்டு விரல் தள்ளி ஒரே ஒரு இழை கட்டினால் போதும், ஐஆர் பட்டு அது டியூப்லைட் மாதிரி எரியும், ஆட்டோஃபோகஸ் பின்னால் இருக்கிற யார்டை விட்டுவிட்டு அந்த இழையையே பிடிக்கப் பார்க்கும். காற்றில் இழை ஆடினால் மோஷன் அலாரம் அடிக்கும். ஒரே இரவில் 214 அலாரம் வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. 214உம் ஒரே சிலந்தி. நீளக் கம்பில் ஒட்டடைக்கோலைக் கட்டி வாரம் ஒரு தடவை துடைப்பதுதான் மருந்து. வைப்பர் உள்ள மாடல் மழைத்துளிக்கு நல்லது. காய்ந்த புழுதியின் மேல் அதை ஓட்டினால் கண்ணாடியில் வில்வில்லாகக் கீறல் விழும்.

மே 11, இரவு

மே 9 இரவு நான் சொன்னது தப்பு. ரீஸ்டார்ட் கேள்வி கேட்டவர் என் பேச்சைக் கேட்டுக் கேஸ்கெட்டை மாற்றி, சிலிகான் பூசி, ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கியிருக்கிறார். பிறகு தானாகவே மல்டிமீட்டரை டோம் பக்கத்து முனையில் வைத்துப் பார்த்திருக்கிறார். பகலில் 21 வோல்ட்டுக்கு மேல். இருட்டி ஐஆர் எரிந்ததும் 18. தலை திரும்பத் தொடங்கியதும் இன்னும் கீழே, உடனே ரீஸ்டார்ட்.

எனக்கே இது நடந்திருக்கிறது, இருந்தும் சொல்லத் தோன்றவில்லை. அவர் 24 வோல்ட் ஏசி சப்ளையைக் காவலறையில் வைத்து, 60 மீட்டருக்கு முக்கால் ஸ்கொயர் (0.75 சதுர மில்லிமீட்டர்) வயர் இழுத்திருக்கிறார். போக ஒரு வயர், வர ஒரு வயர் என்று 120 மீட்டர். அதன் மின்தடை ஏறத்தாழ 3 ஓம். பகலில் 0.8 ஆம்பியர் இழுக்கிறபோது 2.4 வோல்ட் வயரிலேயே போகிறது. இரவில் ஐஆரோடு 2 ஆம்பியர் இழுத்தால் 6 வோல்ட் போகிறது. குளிர் பிரதேசமாக இருந்து உள்ளே ஹீட்டரும் ஓடினால் கேட்கவே வேண்டாம். ஒன்றரை ஸ்கொயர் போட்டால் இழப்பு பாதியாகும். அதைவிட நல்லது, சப்ளையையே கம்பத்தின் அடியில் ஒரு பெட்டிக்குக் கொண்டுபோவது.

பிஓஇயில் (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் வருகிற முறை) ஓடுகிற டோமானாலும் இதே பார்வை வேண்டும். 802.3ஏஎஃப் வகை நெட்வொர்க் ஸ்விட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும், ஏடி வகை 30 தரும், பிடி வகை 60, 90 என்று போகும். ஐஆர் ஸ்பீடு டோமைச் சாதாரண ஏஎஃப் போர்ட்டில் செருகினால் ஒன்று கிளம்பவே கிளம்பாது, இல்லையென்றால் பகலில் சமர்த்தாக இருந்துவிட்டு இரவில் இந்தக் கூத்தடிக்கும். கேபிள் நீளமும் 100 மீட்டரோடு சரி. அதற்கு மேல் என்றால் ஃபைபர் போடுங்கள். ஃபைபரில் இடி மின்னல் சர்ஜ் ஏறி வராது என்பது கூடுதல் லாபம், திறந்தவெளிக் கம்பத்துக்கு அது சின்ன விஷயமில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்கு மன்னிப்பு.

மே 12

பழைய அனலாக் டோம் ஜாய்ஸ்டிக்குக்குக் கட்டுப்படவில்லை, படம் மட்டும் வருகிறது என்றவருக்கு: திருப்பச் சொல்லும் கட்டளை போகிற ஆர்எஸ்-485 வயர் இரண்டையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் டிப் ஸ்விட்ச்சில் (டோமுக்குள் உள்ள குட்டி ஸ்விட்ச் வரிசை) உள்ள முகவரி, பிறகு பாட்ரேட் எனும் கட்டளை வேகம் (2400ஆ 9600ஆ), பிறகு கட்டளை மொழி பெல்கோ-டியா பெல்கோ-பியா. இந்த வரிசையில்தான். நான் ஒரு தடவை தலைகீழாகப் போய் மாலை வரை கம்பத்தின் மேலேயே இருந்தேன்.

மே 13, இரவு

தானாகப் பின்தொடர்வது.

எங்கள் யார்டில் இதை ஆன் செய்த முதல் வாரம், டோம் யாரைப் பின்தொடர்ந்தது தெரியுமா? எங்கள் காவலாளியை. அவர்தான் இரவில் நடமாடுகிற ஒரே ஆள். கிளம்பியதிலிருந்து உட்காரும் வரை விடாமல் தொடர்ந்து, எந்த லாரி மறைவில் நின்று கொட்டாவி விட்டார் என்பது வரை பதிவாகியிருந்தது. அவர் மூன்று நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. வேடிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும், அவர் கிழக்கே நடக்கிற நேரமெல்லாம் மேற்கே ஒரு கண்ணும் இல்லை. அந்த வசதியை ஆன் செய்ததால் இருந்த ஓட்டை பெரிதானதுதான் மிச்சம்.

பழைய மாடல்களில் அசைவதெல்லாம் ஆள்தான். மரக்கிளை, மதிலில் ஓடுகிற ஹெட்லைட் வெளிச்சம், நாய், எல்லாவற்றையும் துரத்தும். புதியவை மனிதன், வாகனம் என்று பிரித்துப் பார்க்கின்றன, நன்றாகவே. ஆனால் இரண்டு பேர் குறுக்கே கடந்தால் எவர் பின்னால் போவது என்று இன்னமும் குழம்பும். ஒருவர் லாரிக்குப் பின்னால் போய் மறுபக்கம் வெளியே வந்தால் அவர் புது ஆள். பயன்படுத்துகிறவர்கள் இரண்டை மட்டும் செய்யுங்கள்: பின்தொடரும் நேரத்துக்கு 30 வினாடிபோல ஓர் எல்லை வையுங்கள், முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்று ஹோம் பொசிஷனைக் கொடுங்கள். ஹோம் கொடுக்காத டோம், கடைசியாகத் துரத்திய நாய் போன திசையையே விடியும் வரை பார்த்துக்கொண்டு நிற்கும். அதையும் பார்த்திருக்கிறேன்.

மே 15, இரவு 11.30

இவ்வளவு திட்டிவிட்டு எதற்கு இரண்டாவது டோம் வாங்கினீர்கள் என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். நியாயமான கேள்வி.

போன வருடம் ஓர் இரவு ஒன்றரை மணிக்கு, கடைக்கோடியில் நிற்கிற லாரிகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ மிதக்கிறது. ஃபிக்ஸட் கேமராவில் பார்த்தால் பனிமூட்டமா, புழுதியா, புகையா என்று சொல்ல முடியவில்லை. கண்ட்ரோல் அறையில் இருந்த பையன் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளி டோமை அங்கே திருப்பி ஜூமை இழுத்தான். நாலாவது லாரி, பின்பக்க வலது சக்கரம். ரிம்முக்குள்ளே பிரேக் டிரம் பக்கம் ஓர் ஆரஞ்சுக் கோடு, அதிலிருந்து புகை. அப்போதுதான் வந்து நிறுத்திய வண்டி, பிரேக் பிடித்துக்கொண்டே ஓடி வந்திருக்கிறது. அவன் வாக்கி டாக்கியில் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "அண்ணே, நாலாவது வண்டி, டிரைவர் பக்கம் பின்வீல், டீசல் டாங்குக்கு அந்தப் பக்கமா போங்க." டயர் ஒன்று போனது. அதோடு போயிற்று.

பதினொரு ஃபிக்ஸட் கேமரா இருந்திருந்தாலும் அந்த ஆரஞ்சுக் கோடு தெரிந்திருக்காது. எட்டிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள்தான் டோம். காவலுக்கு நிற்கிற ஆளாக அதை வைத்ததுதான் எங்கள் பிழை.

மே 16

நேற்று எழுதியதில் ஒரு வால் விட்டுப்போனது. அந்தப் பையன் அவ்வளவு சட்டென்று பிடித்ததற்குக் காரணம் அவன் கை மட்டும் இல்லை. ஜூம் கூடக் கூடச் சுற்றும் வேகம் தானாகக் குறைகிற வசதியை ஆன் செய்திருந்தோம். அது இல்லாவிட்டால் முழு ஜூமில் ஜாய்ஸ்டிக்கைத் தொட்டாலே லாரி படத்தைவிட்டு ஓடிவிடும். முழு ஜூமில் மொத்தப் பார்வையே 2.6 டிகிரிதான். நெட்வொர்க்கில் படம் 300 மில்லிவினாடி தாமதமாக வருகிறது, வினாடிக்கு 5 டிகிரி வேகத்தில் ஓட்டுகிறீர்கள் என்றால், நீங்கள் நிறுத்துகிற நேரத்தில் கேமரா ஒன்றரை டிகிரி தாண்டியிருக்கும். படத்தில் பாதிக்கு மேல். அப்புறம் பின்னால் வருவீர்கள், மறுபடி தாண்டும். திரையில் வேண்டிய இடத்தைச் சுற்றி மவுஸால் ஒரு கட்டம் இழுத்தால் அங்கேயே திரும்பி ஜூம் ஆகிற வசதி பலவற்றில் உண்டு. புதியவர்களுக்கு ஜாய்ஸ்டிக்கைவிட அதுதான் கைவரும்.

ஃபிக்ஸட் கேமரா எதையாவது கண்டால் டோமை அந்தப் பிரீசெட்டுக்கு அனுப்புகிற மாதிரி என்விஆரில் (கேமராக்களின் பதிவுப் பெட்டி) இணைத்துவிட்டால் பாதி வேலை தானாக நடக்கும். இரண்டும் வேறு வேறு தயாரிப்பு என்றால் ஆன்விஃப் (வேறு வேறு தயாரிப்புகள் பேசிக்கொள்ளும் பொது மொழி) வழியாகத் திருப்புவதும் ஜூமும் பெரும்பாலும் நடக்கும். வைப்பர், பின்தொடர்தல், மறைப்புக் கட்டம் (பதிவில் தெரியக்கூடாத இடத்தை மூடுவது) போன்றவற்றுக்குக் கேமராவின் சொந்தப் பக்கத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். வாங்கும்முன் சோதித்துப் பாருங்கள்.

மே 19

கம்பம் எவ்வளவு உயரம் என்று கேட்டதற்கு: உயரமாக வைத்தால் நிறையத் தெரியும் என்று பத்து மீட்டருக்கு ஏற்றாதீர்கள். 8 மீட்டரில் வைத்தால், 10 மீட்டர் தள்ளி நிற்கிறவரை 33 டிகிரி சாய்வில் பார்க்கிறீர்கள், அதாவது தொப்பியைப் பார்க்கிறீர்கள். சாய்வு 15 டிகிரிக்கு இறங்க அவர் 24 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். நான் 6 மீட்டரோடு நிறுத்துவேன்.

உயரத்தைவிடக் கம்பத்தின் விறைப்பு முக்கியம். காற்றில் கால் டிகிரி ஆடினால் ஜூம் இல்லாதபோது கண்ணுக்கே தெரியாது. முழு ஜூமில் அது படத்தின் பத்தில் ஒரு பங்கு. எலக்ட்ரானிக் ஸ்டெபிலைசேஷன் கொஞ்சம் பிடித்துக்கொடுக்கும், ஓரங்களை வெட்டித்தான் கொடுக்கும். வெயில் நேரத்தில் கான்கிரீட் தரைக்கு மேல் ஜூம் செய்தால் படம் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளியுமே, அது கேமராவின் கோளாறில்லை, சூடான காற்று. அதற்கு எந்த லென்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது. சர்வீஸுக்கு அனுப்பிவிடாதீர்கள், நான் அனுப்பினேன்.

அடி தாங்கும் தரமான ஐகே10 பற்றி ஒரு வரி: 20 ஜூல் அடி தாங்கும், 5 கிலோ எடையை 40 சென்டிமீட்டரிலிருந்து போடுவதுபோல. 6 மீட்டர் கம்பத்தின் உச்சிக்கு யார் 5 கிலோவை ஏந்திக்கொண்டு போகப்போகிறார்? அதற்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கம்பம் நிற்கிற இடத்திலிருந்து பக்கத்து வீட்டு ஜன்னல் தெரிகிறது என்றால் மறைப்புக் கட்டம் போடுங்கள். நல்ல டோமில் அந்தக் கட்டம் திரும்பும்போதும் ஜூம் செய்யும்போதும் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டே வரும். மலிவானவற்றில் வேகமாகத் திருப்பினால் கட்டம் அரை வினாடி பின்தங்கும், அந்த அரை வினாடி பதிவிலும் இருக்கும்.

மே 19, சற்று நேரம் கழித்து

பாஸ்வேர்டு. கம்பெனியில் போட்டு வந்ததை முதல் நாளே மாற்றுங்கள், என்விஆரை போர்ட் ஃபார்வர்டு செய்து இணையத்தில் திறந்துவைக்காதீர்கள். 2016இல் மிராய் என்ற நச்சு நிரல் இப்படிப் பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் லட்சக்கணக்கில் பிடித்து, அக்டோபர் 21 அன்று பெரிய பெரிய இணையதளங்களையே முடக்க உதவியது. காவலுக்கு வைத்தது அடியாளாகப் போனது.

ஜூன் 2

கேள்வி கேட்டவர் படங்கள் அனுப்பியிருக்கிறார். நாலு மூலைக்கும் ஃபிக்ஸட் கேமரா, நடுக்கம்பத்தில் 6 மீட்டரில் ஒரு டோம், டூர் இல்லை, ஹோம் பொசிஷன் கேட். எந்த மூலையில் ஆள் தெரிந்தாலும் டோம் அங்கே திரும்பி 30 வினாடி பார்த்துவிட்டுக் கேட்டுக்கு வந்துவிடுகிறது. பொருத்தியவர் அதே ஆள்தானாம். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாராம், நாலு கேமரா கூடுதலாக விற்றதும் சரியாகிவிட்டாராம்.

மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கம்பத்துப் பெட்டியில் கேபிள் மேல்பக்கத் துளை வழியாக நேராக உள்ளே இறங்குகிறது. முதல் மழையில் தண்ணீர் அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டே சப்ளைக்கு மேல் இறங்கும். துளையைக் கீழ்ப்பக்கம் மாற்றி, உள்ளே நுழையும் முன் கேபிளை ஒரு வளைவு தொங்கவிடுங்கள், சொட்டுவது அங்கேயே சொட்டட்டும். இந்தத் தடவை நிச்சயம் தண்ணீர்தான், கேஸ்கெட் ஞாயிற்றுக்கிழமைக்காரர் சிரிக்க வேண்டாம்.